ட்ராமில் பெண் பார்த்த ஞாயிறு

என் சின்னம்மாவுக்கு மாப்பிள்ளை பார்த்த கதையை எங்கள் வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். அம்மா சொன்னால், குற்றம் முழுவதும் மழையுடையது. அப்பா சொன்னால், குற்றம் என்று ஒன்றும் இல்லை, வடை நன்றாக இருந்தது. சின்னம்மா சொல்வதே இல்லை; கேட்டால் சிரிப்பார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தக் கலியாணத்தைக் குழப்பியவள் நான்தான் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் என் பங்குக்கு நானும் ஒரு முறை சொல்லிவிடுகிறேன்.

சின்னம்மா அம்மாவின் கடைசித் தங்கை. மொன்றியல் நகரின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் எங்களோடுதான் இருந்தார். அவரைக் கணக்கியல் படிக்கச் சொல்லி அம்மா ஒரு தொழிற்கல்லூரியில் சேர்த்துவிட்டிருந்தார். சின்னம்மாவும் இரண்டு வருடம் தவறாமல் போய்வந்தார். முடிவில் சான்றிதழ் தபாலில் வந்தபோதுதான், அவர் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மின்தொழில் படித்திருக்கிறார் என்பது தெரியவந்தது. மேல்மாடிக்குப் படியேறப் பஞ்சியாக இருந்தது என்று சின்னம்மா விளக்கம் சொன்னாராம். அம்மா மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை.

அந்தப் படிப்பை வைத்து அவர் பிடித்த வேலை அதைவிட விசித்திரமானது. நகரின் ஓரத்தில் ஆற்றுக்கு நடுவே கிடக்கும் இல்-பிசார் தீவில், மரங்களுக்கு நடுவே, பழைய ட்ராம்களை ஓட வைக்கும் சங்கம் ஒன்று இருந்தது. ஒரு காலத்தில் மொன்றியல் வீதிகளில் ஓடி ஓய்ந்துபோன வண்டிகளில் மூன்றை அவர்கள் காப்பாற்றி வைத்திருந்தார்கள். கொட்டகையிலிருந்து புறப்பட்டு, சிறு மேடு ஒன்றில் ஏறி, ஆற்றங்கரையைச் சுற்றித் திரும்பி வரும் ஒரு தண்டவாளம். ஞாயிற்றுக்கிழமைகளில் சனங்கள் பிள்ளைகளோடு வந்து ஏறுவார்கள். குளிர்காலத்திலும் ஓடும், குளிர்காலத்தில்தான் கூட்டம். மற்ற எல்லாரும் சம்பளமில்லாமல் வேலை செய்யும் ஓய்வூதியக்காரர்கள். சம்பளத்துக்கு இருந்த ஒரே ஆள் சின்னம்மா. வண்டி நின்றால் அதை ஓட வைப்பது அவருடைய வேலை. பழைய வண்டி என்பதால் அது அடிக்கடி நின்றது.

இதை எப்படி மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்வது? அம்மா யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். தங்கச்சிக்கு "கரண்ட் கந்தோரில்", அதாவது மின்சார அலுவலகத்தில், வேலை என்று சொன்னார். அதில் ஒரு சொல் உண்மை.

மாப்பிள்ளை ஒரு கணினிக்காரர். படத்தில் நல்ல மனிதராகத் தெரிந்தார். தகப்பன் இல்லை, தாயும் மகனும் மட்டும். தொலைபேசியில் எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. எங்கே பெண் பார்ப்பது என்ற கட்டம் வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா, தங்கள் வீடு இல்-பிசாரில் இருக்கிறது, நடக்கும் தூரத்தில் ட்ராம் ஓடுகிறது, பெண்ணைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், எல்லாருமாக ஏறிச் சுற்றிவிட்டு எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிக்கலாம் என்றாராம். அம்மாவின் கையில் ரிசீவர் அப்படியே நின்றது. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஓம் என்று சொல்லி வைத்துவிட்டுச் சமையலறைக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதன்பிறகு திட்டம் போட்டார். அன்றைக்குச் சின்னம்மா லீவு. அவர் வெறும் பயணியாக, சேலை கட்டி, எங்களோடு வந்து ஏறுவார். ட்ராமை ஓட்டும் பெரியவர், வெள்ளை மீசை வைத்த பிரெஞ்சுக்காரர், சின்னம்மாவைத் தெரியாததுபோல நடந்துகொள்ள வேண்டும். நான் ஒன்றும் தெரியாததுபோல இருக்க வேண்டும். அப்பாவுக்கு எதுவும் சொல்லப்படவில்லை. அவர் எப்போதுமே ஒன்றும் தெரியாதவராகத்தான் இருப்பார்.

சனிக்கிழமை பின்னேரம் உறைமழை தொடங்கியது. இந்த ஊர்க்காரருக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. தண்ணீராக விழுந்து, தொட்ட இடத்தில் கண்ணாடியாகிவிடும் மழை. காலையில் எங்கள் பல்கனிக் கம்பி, வாசல் மரம், நிறுத்திய கார் எல்லாவற்றுக்கும் யாரோ கண்ணாடி உறை போட்டதுபோல இருந்தது. எனக்கு அது பெரிய சந்தோஷம். சின்னம்மா யன்னலருகே நின்று மின்கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் ஒரு மணித்தியாலம் முன்னுக்குப் போயிட்டு வாறன். சில்லைக் கழட்டிப்போட்டுச் சுரண்டியைப் பூட்ட வேணும். ஒருத்தருக்கும் ஞாபகம் இராது."

"இண்டைக்கு நீ கம்பியைப் பாக்கப்படாது," என்றார் அம்மா. "நிலத்தைப் பாத்துக்கொண்டிரு. அதுதான் வடிவு."

சில்லு என்பது என்ன என்று இங்கே சொல்ல வேண்டும். ட்ராமின் கூரையிலிருந்து ஒரு நீளக் கம்பம் பின்பக்கமாகச் சாய்ந்து மேலே எழும்பி நிற்கும். அதன் நுனியில் ஒரு சின்னப் பித்தளைச் சில்லு. அது மேலே ஓடும் செப்புக் கம்பியைத் தொட்டு உருண்டுகொண்டே வந்தால்தான் வண்டிக்கு மின்சாரம். கம்பியில் பனி படிந்தால் சில்லு வழுக்கும், பொறி பறக்கும், வண்டி நிற்கும். அப்படிப்பட்ட நாட்களில் சின்னம்மா சில்லைக் கழற்றிவிட்டு, பனியைச் சுரண்டிக்கொண்டே போகும் 'சுரண்டி' என்ற இரும்புத் துண்டை மாட்டுவார். கம்பம் எழும்பிவிடாமல் இழுத்துப் பிடிக்கப் பின்னால் ஒரு கயிறு தொங்கும். கயிற்றைக் கொளுவி வைக்கிற கொளுக்கி போன கிழமை முறிந்துபோய், புதியது இன்னும் வந்து சேரவில்லை. இதெல்லாம் எனக்கு அத்துப்படி. பள்ளி விடுமுறை நாட்களில் நான் அந்தக் கொட்டகையில்தான் கிடப்பேன்.

அப்பா காரை மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டிப் பாலம் கடந்து கொண்டுபோய்ச் சேர்த்தார். சின்னம்மா அம்மாவின் மயில்கழுத்து நிறப் பட்டுச்சேலையில், அதற்குமேல் குளிர்ச்சட்டையில், நிலத்தைப் பார்த்தபடி இறங்கினார். ஓட்டுநர் பெரியவர் தன் பங்கை அளவுக்கு மிஞ்சியே செய்தார். தொப்பியைக் கழற்றி, இடுப்பை வளைத்து, வாழ்நாளில் முதல்முறை காண்பவர்போல "பொன்ஜூர் மடாம்" என்று சின்னம்மாவின் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். நான் சிரிப்பை அடக்கக் கழுத்துத்துண்டைக் கடித்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை உயரமாக, கண்ணாடி போட்டு, பளபளக்கும் தோல் சப்பாத்தோடு வந்திருந்தார். நல்ல குணம். என் கையைப் பார்த்துவிட்டுத் தன் கையுறையைக் கழற்றி எனக்குத் தந்தார். அவருடைய அம்மா குட்டையான மனுசி. கணுக்கால் வரை நீண்ட கறுப்புக் குளிர்ச்சட்டைக்குக் கீழே சேலைக்கரை இரண்டு விரல் அளவு தெரிந்தது. கைகளைப் பைக்குள் வைத்துக்கொண்டு அதிகம் கதைக்காமல் இருந்தார். அவரைக் கண்டு நான் பயந்தேன். முடிவு சொல்லப்போகிறவர் அவர்தான் என்று அம்மா காரில் சொல்லியிருந்தார்.

வண்டியில் எங்களைத் தவிர இன்னும் இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளோடு இருந்தன. மணி அடித்து, ட்ராம் புறப்பட்டது. மாப்பிள்ளை, கந்தோரில் என்ன பிரிவு என்று சின்னம்மாவைக் கேட்டார். அம்மா முந்திக்கொண்டு, எல்லாப் பிரிவும் பார்ப்பார் என்றார். சின்னம்மா நிலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் கூரையில் ஒவ்வொரு முறை 'சர்ர்' என்று சத்தம் வந்தபோதும் அவருடைய செருப்புக் கால் தரையில் ஒரு முறை தட்டியது. யன்னலுக்கு வெளியே நீலப் பொறிகள் விழுந்தன. பிள்ளைகள் கைதட்டினார்கள். அதைக் கேட்டுச் சின்னம்மாவின் முகம் இன்னும் சுருங்கியது.

மேட்டில் ஏறும்போது சக்கரங்கள் நின்ற இடத்தில் சுற்றத் தொடங்கின. சக்கரத்துக்குப் பிடிப்பு வரத் தண்டவாளத்தில் மணல் தூவும் மிதியைப் பெரியவர் மிதித்தார். பெட்டிக்குள் மணல் கட்டியாகிவிட்டிருக்க வேண்டும், ஒன்றும் விழவில்லை. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. மேலே கம்பம் கம்பியிலிருந்து நழுவி எங்கோ இடித்தது. விளக்குகள் அணைந்தன. இருக்கைக்குக் கீழே உறுமிக்கொண்டிருந்த சூடாக்கியும் நின்றது. அந்த அமைதியில் மழை கூரையில் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

பெரியவர் இறங்கிப் பின்பக்கம் போய்க் கயிற்றைப் பிடித்தார். வழுக்கி விழுந்தார். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு திரும்ப வந்து முன்னால் நின்றார். வாக்குக் கொடுத்த மனிதர். சின்னம்மா பக்கம் திரும்பவே இல்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு, இந்த வண்டியைப் பற்றித் தெரிந்த யாராவது ஒருவர் இன்றைக்கு இங்கே இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று பிரெஞ்சில் பெருமூச்சு விட்டார். சின்னம்மா அம்மாவைப் பார்த்தார். அம்மா யன்னலைப் பார்த்தார். யன்னலில் பனி மூடி ஒன்றும் தெரியவில்லை.

ஒரு சின்னப் பிள்ளை அழத் தொடங்கியது. மூச்சு விட்டால் புகை வந்தது. மாப்பிள்ளை உதவி இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தார். காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். அப்போது மாப்பிள்ளையின் அம்மா என் பக்கம் குனிந்து, குளிருதோ பிள்ளை என்று கேட்டார். இவ்வளவு நேரமும் அவர் என்னோடு ஒன்றும் கதைக்கவில்லை. நல்ல பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

"இல்லை அன்ரி. சின்னம்மா இப்ப எழும்பித் திருத்திப்போடுவா."

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். மாப்பிள்ளையின் அம்மா சின்னம்மாவைப் பார்த்தார். மாப்பிள்ளையும் தொலைபேசியைக் காதில் வைத்தபடி பார்த்தார். சின்னம்மா எழுந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகி, பெரியவரிடம் பிரெஞ்சில் கடகடவென்று நாலு கேள்வி கேட்டார். பெரியவரின் முகம் மலர்ந்தது. தன் ரப்பர் கையுறையையும் பெரிய சப்பாத்தையும் கழற்றிக் கொடுத்துவிட்டுக் காலுறையோடு நின்றார். சின்னம்மா நான் உட்கார்ந்திருந்த இருக்கையைத் தூக்கி, அதற்குக் கீழேயிருந்த பெட்டியையும் சின்ன ஏணியையும் எடுத்துக்கொண்டு இறங்கினார்.

பின்மேடைக் கூரைக்குக் கீழே பனி மூடாமலிருந்த பின்யன்னலில் நான் மூக்கை வைத்துப் பார்த்தேன். அப்பா ஒன்றும் கேட்காமல் இறங்கிப்போய் ஏணியைப் பிடித்தார். கம்பத்தைக் கீழே இழுத்து வைத்துக்கொள்ள இன்னொரு ஆள் வேண்டும். அது பெரிய சுருள்வில்லில் நிற்பது. விட்டால் மேலே பாயும். பெரியவருக்கோ கை வீங்கத் தொடங்கிவிட்டது. மாப்பிள்ளை படிவரை வந்து, தன் சப்பாத்தையும் பனியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு நிமிடத்தில் ஆள் கிடைத்துவிடும் என்று தொலைபேசியைக் காட்டினார். அவரை விலக்கிக்கொண்டு அவருடைய அம்மா இறங்கினார்.

யாரும் அவரைக் கூப்பிடவில்லை. நேரே போய்க் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, கையில் ஒரு சுற்றுச் சுற்றி, தன் பாரம் முழுவதையும் போட்டுப் பின்னால் சாய்ந்தார். கம்பம் இறங்கியது.

"கயித்தை விட்டிடாதேங்கோ அன்ரி," என்றார் சின்னம்மா ஏணியிலிருந்து.

"விடமாட்டன். நீ உன்ர வேலையைப் பார் பிள்ளை."

சின்னம்மா சில்லின் ஆணியைச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பனியை உடைத்தார். ஒரு கட்டத்தில் பட்டுச்சேலையின் கரை ஏணியில் மாட்டி எண்ணெயில் தோய்வதை அம்மா பின்யன்னலால் கண்டுவிட்டார். அதுவரை அசையாமல் இருந்தவர் ஒரே பாய்ச்சலில் இறங்கிப்போய்ச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். சேலையைக் காப்பாற்றத்தான் போனார். என்றாலும், பார்ப்பவர்களுக்கு அது தங்கச்சிக்குத் துணை நிற்பதுபோலத்தான் தெரிந்திருக்கும்.

பிறகு மாப்பிள்ளையின் அம்மா, கயிற்றில் தொங்கியபடியே கேட்டார்.

"இதுதானோ பிள்ளை அந்தக் கந்தோர்?"

சின்னம்மாவின் கை நின்றது. அம்மா சேலையைப் பார்த்தார்.

"ஓம் அன்ரி," என்றார் சின்னம்மா. "இதுதான்."

"நல்ல காத்தோட்டமான கந்தோர்."

முதலில் சிரித்தது அப்பா. ஏணி ஆடியது. பிறகு சின்னம்மா சிரித்தார்; கடைசியாக அம்மாவும், வேறு வழியில்லாமல்.

சுரண்டியைப் பூட்டி முடிக்க அரைமணி ஆனது. அதற்குள் உள்ளேயிருந்த மற்றக் குடும்பத்து ஆண்கள் மணல் கட்டிகளைக் குடைக் காம்பால் உடைத்துத் தண்டவாளத்தில் போட்டார்கள். கம்பத்தைத் திரும்பக் கம்பியில் பொருத்துவது கடைசி வேலை. சின்னம்மா கீழே நின்று, கொஞ்சம் வலப்பக்கம், மெல்ல விடுங்கோ, இன்னும் மெல்ல என்று சொல்லிக்கொண்டிருந்தார். முதல் தடவை தவறியது. இரண்டாம் தடவையும் தவறியது. மூன்றாம் தடவை 'டக்' என்று சத்தம் கேட்டது. ஒரு பெரிய நீலப் பொறி பறந்தது. என் தலைக்குமேல் விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. வண்டிக்குள் கைதட்டினார்கள்.

இப்போது கயிற்றை விடலாம் என்று சின்னம்மா சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா விடவில்லை. தலையில் போட்டிருந்த தொப்பி எங்கோ விழுந்திருந்தது. மயிரெல்லாம் நனைந்து, மூக்கு சிவந்து, கயிற்றைப் பிடித்தபடி எரிகிற விளக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெரியவரின் கை வீங்கியதால் சின்னம்மாவே வண்டியை ஓட்டினார். சுரண்டி மாட்டினால் கம்பம் அடிக்கடி நழுவும். பின்னால் ஒருவர் கயிற்றோடு நிற்க வேண்டும். உள்ளே வந்து உட்காருங்கள் அம்மா என்று மகன் இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தார். அவர் வரவில்லை. ஆற்றங்கரையைச் சுற்றிக் கொட்டகைக்கு வந்து சேரும்வரை பின்மேடையில்தான் நின்றார். கம்பம் இரண்டு முறை நழுவியது. இரண்டு முறையும் அவரே திரும்பப் பொருத்தினார்.

பிறகு அவர்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்தோம். பெரிய வீடு; மகன் வேலைக்குப் போனால் தாய் அதில் தனியேதான். வீதியில் ஒரு மனிதரும் இல்லை. எங்கள் வீட்டைப்போல மேலிருந்து நடக்கிற சத்தமோ பக்கத்துச் சமையல் மணமோ இல்லாமல், சூடாக்கியின் மூச்சு மட்டும் கேட்டது. மாப்பிள்ளை சின்னம்மாவின் கெட்டித்தனத்தை மனமாரப் புகழ்ந்தார். பின்னர் அன்பாகவே சொன்னார், கலியாணத்துக்குப் பிறகு இப்படிக் கஷ்டப்படத் தேவையில்லை, தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள், உண்மையான கந்தோர் வேலை ஒன்றே எடுத்துக் கொடுக்கலாம் என்று. சின்னம்மா வடையை மென்றுகொண்டு தலையை ஆட்டினார். அவருடைய தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று கணக்கியல் காலத்திலேயே எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்துத் தொலைபேசி வந்தது. அம்மா கடவுளைக் கும்பிட்டுவிட்டு எடுத்தார். அங்கே தாய்க்கும் மகனுக்கும் பூரண விருப்பமாம். அம்மாவுக்குக் கால் நிலத்தில் படவில்லை. வேண்டாம் என்றது சின்னம்மா.

"அவர் நல்ல மனுசன்தான் அக்கா. ஆனா எனக்கு உண்மையான வேலை ஏற்கெனவே இருக்கு."

அந்தக் கிழமை எங்கள் சமையலறையில் பாத்திரங்கள் மிகவும் சத்தமாகக் கழுவப்பட்டன. மாப்பிள்ளை வீட்டுக்கு எப்படிச் சொல்வது என்று அம்மா தவித்தார். கடைசியில் சின்னம்மாவே தொலைபேசி எடுத்து அந்த அன்ரியோடு நேரடியாகக் கதைத்தார். என்ன கதைத்தார்கள் என்று தெரியாது. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் கதைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் சின்னம்மாவோடு கொட்டகைக்குப் போனபோது, அந்த அன்ரி வாசலில் நின்றார். அதே கறுப்புக் குளிர்ச்சட்டை. காலில் புதிதாக வாங்கிய பெரிய பனிச்சப்பாத்து. நடந்தே வந்திருந்தார். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. பெரியவருக்குத் தமிழ் தெரியாது. அன்ரி கையால் கயிறு இழுப்பதுபோலக் காட்டினார். பெரியவர் தொப்பியைக் கழற்றி இடுப்பை வளைத்தார்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அன்ரி வந்தார். அடுத்த குளிர்காலமும் வந்தார். புதுக் கொளுக்கி வந்து பூட்டிய பிறகும் வந்தார். மகன் பிறகு வேறு இடத்தில் கலியாணம் முடித்தார். கலியாணத்துக்கு நாங்கள் எல்லாரும் போனோம். அன்ரியை என்ன முறை சொல்லி அழைப்பது என்று அம்மா மட்டும் குழம்பிக்கொண்டிருந்தார். சம்பந்தியும் இல்லை, சொந்தமும் இல்லை. எனக்கும் குழப்பம்தான். பெண் பார்க்க வந்தவர், பெண் கிடைக்கவில்லை என்றான பிறகு ஏன் வருகிறார்?

ஒருநாள் கேட்டுவிட்டேன். வெயில் எறித்த, கடுங்குளிரான ஞாயிறு. பின்மேடையில் அவர் கயிற்றைப் பிடித்து நிற்க, நான் பக்கத்தில் நின்றேன். வண்டி மேடேறிக்கொண்டிருந்தது.

"இதில நிண்டால் எங்கயோ தூரத்துக்குப் போறமாதிரிக் கிடக்கு பிள்ளை," என்றார்.

எனக்கு அவர்மேல் இரக்கமாகிவிட்டது. எங்கள் வீட்டு யன்னலுக்குக் கீழே பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் போகும், இரண்டு சந்தி தள்ளி மெட்ரோ இருந்தது. தூரம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஆகவே வகுப்பில் சொல்வதுபோல விளக்கமாகச் சொன்னேன்: இது மெத்தத் தூரம் போகாது அன்ரி, ஆறுவரைக்கும்தான், ஏறின இடத்திலேயே கொண்டுவந்து இறக்கிவிடும், உங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் இது எங்கேயும் போகவே இல்லை.

அவர் கவனமாகக் கேட்டார். "ஓம் பிள்ளை," என்றார்.

ஒரு பெரிய ஆளின் பிழையைத் திருத்திவிட்ட திருப்தியோடு நான் உள்ளே போய், சூடாக்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.